செம்மறியாட்டின் கொழுப்பு

இறைச்சிக் குழம்பு ஆறியபின் அதன்மேல் வெண்ணிறப் படலம் ஒன்று உறைந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அஃது ஆட்டின் கொழுப்பு. நல்லெண்ணெயோ அவ்வாறு உறைவதில்லை. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் கொழுப்பு அமிலங்களின் அமைப்பேயாகும். ஹைட்ரஜன் அணுக்களை ஏற்குமளவு ஏற்றுக்கொண்டவை நிறைவுற்ற அமிலங்கள். அவை மிகுந்த கொழுப்பு எளிதில் உறையும். இன்னும் ஏற்க இடமுள்ளவை நிறைவுறா அமிலங்கள். அவை மிகுந்த கொழுப்பு நீர்மமாகவே இருக்கும். நிறைவுற்ற கொழுப்பை மிகுதியாக உண்போரின் குருதியில் கொலஸ்டிரால் கூடுமாதலால், மருத்துவர் இவ்வேறுபாட்டைப் பெரிதும் கருதுகின்றனர்.

ஆடு மேய்வது பசும்புல். புல்லில் உள்ள கொழுப்பு சிறிதளவே. ஆயினும் அதன் பெரும்பகுதி நிறைவுறாதது. அங்ஙனமாயின், இளகிய கொழுப்பை உண்ட ஆட்டின் உடலில் இறுகிய கொழுப்புச் சேர்வது எவ்வாறு?

விடை ஆட்டின் வயிற்றில் உள்ளது. அசைபோடும் விலங்காகிய ஆட்டின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. முதல் அறை பெரியதொரு தொட்டி போன்றது. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நார்ப்பொருளைத் தானே செரிக்கும் ஆற்றல் ஆட்டிற்கு இல்லை. இந்நுண்ணுயிர்களே அதனைச் சிதைத்து உணவாக்கித் தருகின்றன. நிறைவுறா அமிலங்கள் அவற்றுக்கு நஞ்சு போன்றவை. ஆகவே, அவ்வமிலங்களோடு ஹைட்ரஜனைச் சேர்த்து அவை நிறைவுறச் செய்துவிடுகின்றன. தாவர எண்ணெயை நிக்கலின் துணைகொண்டு வனஸ்பதியாக்கும் ஆலையின் தொழிலை, இச்சிற்றுயிர்கள் உலையுமின்றி உலோகமுமின்றிச் செய்வது வியப்பன்றோ! 1951-ஆம் ஆண்டில் ரைசர் என்னும் அமெரிக்க அறிஞர், ஆட்டின் முதல் அறையிலிருந்து எடுத்த பொருளோடு ஆளிவிதை எண்ணெயைக் கலந்து வைத்து இம்மாற்றத்தைக் காட்டினார்.

எனவே, தீனியில் எண்ணெயை ஊற்றிவிட்டால் இறைச்சி மாறிவிடும் என்று எண்ணுதல் தகாது. ஆளிவிதை எண்ணெயைச் சிறிதளவு கலந்தால், அதில் ஒரு பகுதி மட்டும் தப்பிச் சென்று இறைச்சியில் சேரும். அளவு மிகுந்தாலோ தீமையே விளையும். தீனியின் உலர்ந்த எடையில் கொழுப்பு நூற்றுக்கு 5 அல்லது 6 பங்கைக் கடந்தால், நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நலியும். ஆடும் தீனியைக் குறைத்துக்கொள்ளும்.

ஆஸ்திரேலிய அறிஞர் 1970-ஆம் ஆண்டளவில் ஓர் உபாயம் கண்டனர். எண்ணெய்த் துளிகளைப் பாலின் புரதமாகிய கேசீனால் போர்த்தி, அப்போர்வையைப் பார்மால்டிஹைடு கொண்டு உறுதிப்படுத்தினர். முதல் அறையில் அது கரையாது. நான்காம் அறையின் கடும் அமிலத்தில்தான் நெகிழும். எண்ணெய் நுண்ணுயிர்களுக்கு எட்டாமல் குடலை அடையவே, ஆட்டின் கொழுப்பும் இளகியது.

இளகிய கொழுப்பிற்கும் ஒரு குறை உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதனை விரைவில் தாக்கும். இறைச்சியில் சிக்கு நாற்றம் எழும். செந்நிறம் மங்கிப் பழுப்பாகும். மீன் எண்ணெய் மிகுதியாக உண்ட ஆட்டின் இறைச்சியில் மீன் வாடையே வீசுவதும் உண்டு. தீனியில் வைட்டமின் ஈ சேர்ப்பது இக்கேட்டைத் தாமதப்படுத்தும். பசும்புல்லில் இவ்வுயிர்ச்சத்து இயல்பாகவே மிகுந்திருத்தலால், கொட்டிலில் தானியம் உண்ட ஆட்டின் இறைச்சியைக் காட்டிலும் மேய்ச்சல் ஆட்டின் இறைச்சி நெடுநேரம் நிறம் மாறாதிருக்கும்.