ஓடைக்கரைத் தூண்டில்

ஜப்பானிய மலையோடைகளில் ‘தெங்காரா’ என்றொரு தூண்டில் முறை உண்டு. நூல் சுற்றும் உருளை அதில் இல்லை. நீண்ட கோல், அதன் நுனியில் கட்டிய நூல், இறகு சுற்றிப் பூச்சிபோல் செய்த முள்; இவ்வளவே. 2009க்குப் பின் அமெரிக்காவிலும் இது பரவியது. சிறுவாச்சூர் வட்டாரத்து ஏரிகளிலும், பச்சைமலையில் பிறக்கும் மருதையாற்றிலும் மூங்கிற்கோலுடன் நிற்கும் சிறுவனுக்கு இது புதுமையன்று. அவன் முள்ளில் இருப்பது மண்புழு என்பதே வேறுபாடு. உருளை இல்லாததால் மீனின் இழுப்பைக் கோலின் வளைவே தாங்குகிறது. நிழல் நீரில் விழாமல் நிற்பவனுக்குக் கெண்டையும் கெளுத்தியும் கிட்டும்.

விராலைப் பற்றி ஒன்று சொல்வேன். செந்நிறக் குஞ்சுகள் திரளாக நீர்மட்டத்துக்கு வந்து போகுமிடத்தில், பெற்ற மீன் அடியில் காவல் இருக்கும். அருகே வருவது எதுவாயினும் பாய்ந்து கவ்வும். ஆகவே அதைப் பிடிப்பது எளிது. ஆனால் காவல் போனபின் குஞ்சுகளைப் பிற மீன்கள் தின்றுவிடும். ஒரு மீனுக்காக ஒரு தலைமுறையே அழியும். கோடையில் மடுக்களாகச் சுருங்கிவிடும் சிற்றாற்றில் இது பெரிய இழப்பு. செங்குஞ்சுகளைக் கண்டால் கோலைத் தோளில் சார்த்திக்கொண்டு அடுத்த மடுவுக்கு நடப்பதே முறை என்பேன்.