பவளத் தொட்டிக்கு எத்தனை ஒளி? எல்.இ.டி. விளக்குகளை ஒப்பிடும் முறை

கடற்பவளங்களை வீட்டிலே கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்க ஆசைப்பட்டவர் விளக்கு வாங்கப் புறப்படும்போது, அவர் முன்னால் வந்து நிற்கும் பெட்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாஷை பேசுகின்றன. ஒன்று 165 வாட் என்கிறது, மற்றொன்று தன் லூமென் கணக்கைப் பெரிய எழுத்தில் அறிவிக்கிறது, மூன்றாவது 20,000 கெல்வின் என்று மட்டும் சொல்லி மௌனமாகிவிடுகிறது. இவற்றுள் எது பலமான விளக்கு என்ற கேள்விக்கு அந்த மூன்று எண்களில் எதுவுமே விடையாகாது. வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரத்தை உண்கிறது என்பதைச் சொல்லுமேயன்றி, அதில் எவ்வளவு ஒளியாகிறது, எவ்வளவு வெப்பமாக வீணாகிறது என்பதைச் சொல்லாது. கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைப் பற்றிய குறிப்பு. லூமெனோ முழுக்க முழுக்க மனிதக் கண்ணை உத்தேசித்து வகுக்கப்பட்ட அளவு.

பவளத்துக்கு ஒளி எதற்கு என்ற ஐயம் எழுவது இயல்பே. ஏனெனில் அது செடியன்று, பிராணி. ஆனால் அந்தப் பிராணியின் மெல்லிய சதைக்குள், ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சத்தை எட்டும் கணக்கில், ஒற்றைச் செல் பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியைக் கொண்டு சர்க்கரையும் கிளிசெராலும் தயாரித்து, அதில் பெரும்பகுதியைத் தம்மைத் தாங்கும் பவளத்துக்கே கொடுத்துவிடுகின்றன. பலாவு தீவில் இருந்த ஜப்பானிய ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த ஸிரோ கவாகுத்தி, இந்தப் பாசிகள் டைனோஃப்ளாஜெல்லேட் வகுப்பைச் சேர்ந்தவை என்பதை 1944-இல் எடுத்துக்காட்டினார். ஜமைக்காவில் தாமஸ் கோரோ கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு பரிசோதித்து, பவளம் தன் சுண்ணாம்புக் கூட்டை இருளைவிட வெளிச்சத்தில் வேகமாகக் கட்டுகிறது என்ற உண்மையை 1959-இல் வெளியிட்டார். ஆகவே ஒளி குறைந்தால் பவளம் பட்டினி கிடப்பது மட்டுமன்றி, அதன் வீடு கட்டும் வேலையும் தளர்ந்துபோகிறது.

இந்தக் கலையின் ஆரம்பகாலத்தில் விளக்கைப் பற்றிய விவாதத்துக்கே இடமில்லாமல் இருந்தது. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், உயிருள்ள பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழிகளையும் சூரிய வெளிச்சத்தையும் மட்டுமே நம்பித் தாம் நடத்திவந்த தொட்டிகளைப் பற்றி 1961-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதியபோது, குளிர்நாட்டு ஆர்வலர்களுக்கு அந்தச் சூரியன்தான் கிட்டாத பொருளாக இருந்தது. அவர்கள் அதற்கு ஈடாக 250 வாட்டும் 400 வாட்டும் விழுங்குகிற மெட்டல் ஹாலைடு விளக்குகளை ஏற்றிவைத்தார்கள். தொட்டி நீர் சூடேறியது, அதைத் தணிக்கக் குளிர்விக்கும் இயந்திரம் வேண்டியதாயிற்று. பிறகு டி-5 குழல் விளக்குகள் வந்தன. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா 1993-இல் பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கியிராவிட்டால், இன்றைய பவளத் தொட்டி விளக்கு என்ற பண்டமே தோன்றியிராது. நீல டையோடை உண்டாக்கிய சாதனைக்காக அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நீலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கடலே சொல்லும். தூய நீர் சிவப்பு ஒளியை வெகு விரைவில் குடித்துவிடுகிறது. 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்புக் கிரணம் 10 மீட்டர் ஆழத்துக்கு இறங்குவதற்குள் நூற்றில் மூன்று பங்கு போல எஞ்ச, 450 நானோமீட்டர் நீலமோ நூற்றில் 90 பங்குக்குக் குறையாமல் போய்ச் சேருகிறது. அந்த நீல உலகத்துக்குப் பழகிய பாசிகள், பச்சையத்தின் இரு வகைகளோடு பெரிடினின் என்ற நிறமியையும் கூட்டிக்கொண்டு, நீலத்தையும் நீலப்பச்சையையும் வாரிக்கொள்ளும்படி தம்மை அமைத்துக்கொண்டிருக்கின்றன.

இப்போது லூமென் கணக்கின் குறை தெளிவாகும். பகல் வெளிச்சத்தில் நமது கண் மிகுதியாக உணர்வது 555 நானோமீட்டர் அளவிலுள்ள, மஞ்சள் சாயலான பச்சையை. அந்த நிறத்தில் ஒரு வாட் ஒளி 683 லூமென் ஆகக் கணக்கிடப்படுகிறது. அதே ஒரு வாட் ஒளி 450 நானோமீட்டர் நீலமாக இருந்தால் சுமார் 26 லூமென்தான் தேறும். பவளத்துக்கு மிக வேண்டிய நிறத்துக்கு மிகக் குறைந்த மதிப்பெண் கொடுக்கும் இந்த அளவைக் கொண்டு தொட்டி விளக்கை நிறுக்க முயல்வது துணியைப் படியால் அளப்பது போன்றதே. கைத்தொலைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலியை நிறுவிக்கொண்டு திருப்தியடைகிறவர்களும் இதே வலையில் விழுகிறார்கள். சூரிய ஒளியில் எடுத்த லக்ஸை 54-ஆல் வகுத்தால், அடுத்துச் சொல்லப்போகும் ஒளித்துகள் கணக்கு ஏறத்தாழச் சரியாகக் கிடைக்கும் என்பது மெய்யே. நீல விளக்கின் கீழே அந்த வகுத்தல் முற்றிலும் பொய்த்துப்போகும்.

சரியான அளவு எது? ஒளிச்சேர்க்கையில் கணக்கில் வருவது ஒளியின் ஆற்றல் அன்று, ஒளித்துகள்களின் எண்ணிக்கை. பயிர்களின் இலைகளை ஆராய்ந்த கீத் மெக்ரீ 1972-இல் வெளியிட்ட முடிவுகளின் துணையோடு, 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலுள்ள ஒளித்துகள்களையெல்லாம் நிறபேதமின்றி ஒன்றுக்கு ஒன்றாக எண்ணும் வழக்கம் உறுதிப்பட்டது. இதைத்தான் ஆர்வலர்கள் பி.ஏ.ஆர். என்று மூன்றெழுத்தில் குறிக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு விநாடியில் வந்து விழும் துகள்களை மைக்ரோமோலில் சொல்வது முறை; ஒரு மைக்ரோமோல் என்றால் சுமார் 6,000 கோடி கோடித் துகள்கள். வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில், மேகமற்ற நடுப்பகலில், இந்த அளவு 2,000-ஐ ஒட்டி நிற்கும்.

இந்த அளவும் கபடத்துக்கு இடந்தராததன்று. ஒரு வாட் நீல ஒளியில், விநாடிக்குச் சுமார் 3.8 மைக்ரோமோல் துகள்கள் அடங்கியிருக்க, 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் ஒரு வாட்டில் 5.5 மைக்ரோமோல் இருக்கின்றன. எனவே சிவப்பு டையோடுகளைத் தாராளமாகச் செருகினால் அதே ஒளியாற்றலிலிருந்து அதிக எண்ணிக்கை கிடைக்கும், பவளத்துக்கோ அவ்வளவு லாபம் கிடைக்காது. ஸ்டைலோஃபோரா என்ற பவளத்தில் டிம் வெய்கர்டே முதலியோர் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வு, சிவப்பு ஒளி அதன் பாசிகளின் நலத்தைக் குன்றச் செய்வதையே காட்டிற்று. வந்து விழும் துகள்களுள் அந்தந்தப் பாசியின் நிறமிகளால் உண்மையில் ஏற்கப்படக்கூடியவற்றை மட்டும் தனியே கணக்கிட வேண்டும் என்று பிரெஞ்சுக் கடலியல் அறிஞர் ஆந்த்ரே மொரெல் 1978-இலேயே எழுதினார். அதை அளக்க எளிய கருவி நம் கையில் இல்லாதபடியால், ஏறத்தாழ ஒரே நிறக்கலவையுள்ள இரு விளக்குகளை மட்டுமே பி.ஏ.ஆர். எண்ணால் நேருக்கு நேர் நிறுத்துவது நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

எல்லாவற்றிலும் பெரிய சூழ்ச்சி, விளம்பரத்தில் அச்சிடப்படும் ஒற்றை எண்ணில் இருக்கிறது. விளக்கின் நேர் கீழே, மத்தியப் புள்ளியில் எடுத்த அளவு அது. எல்.இ.டி.யின் மேல் 60 பாகைக் குவிவில்லை ஒன்றைப் பொருத்தினால் மத்தியப் புள்ளியின் எண் விண்ணை முட்டும். 120 பாகையாக விரித்தால் அதே விளக்கின் அதே ஒளி பரவலாகச் சிதறி, மத்திய எண் சிறுத்துத் தோன்றும். 60 சென்டிமீட்டர் சதுரமான தொட்டி ஒன்றில் நடுவில் 600, மூலையில் 60 என்று காட்டுகிற விளக்கைவிட, நடுவில் 300, மூலையில் 150 என்று காட்டுகிற விளக்கு, பெட்டியின் மேலுள்ள எண்ணால் பாதியளவே ஆயினும், பவளம் வைக்கத் தகுந்த இடத்தைப் பன்மடங்கு அதிகமாகத் தருகிறது. ஆதலால் தொட்டியின் தளத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அளவெடுத்து, சராசரியையும் மிகக் குறைந்த அளவையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே ஒப்பீடு என்ற பெயருக்கு உரியது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சஞ்சய் ஜோஷி, பல ஆண்டுகளாக விளக்குகளை இவ்வாறு கட்டம் கட்டமாக அளந்து வெளியிட்டுவந்தது, வியாபாரிகளின் வாய்ச்சொல்லிலிருந்து வாங்குவோரை ஓரளவு விடுவித்த பெருந்தொண்டு.

உயரமும் அவ்வண்ணமே. தூரம் இரட்டித்தால் ஒளி நாலில் ஒன்றாகும் என்று பள்ளியில் படித்த விதி, ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒளிக்கு உரியது; பல டையோடுகள் பரந்து கிடக்கும் பலகைக்கு, அதுவும் அருகில் நின்று அளக்கும்போது, அது அப்படியே பொருந்தாது. அன்றியும், நீருக்குள் நுழையும் கிரணங்கள் செங்குத்தின் பக்கமாக வளைவதாலும், பக்கக் கண்ணாடிகள் உள்ளிருந்து வரும் ஒளியை மீண்டும் உள்ளேயே திருப்பிவிடுவதாலும், வெறுங்காற்றில் எடுத்த அளவும் தண்ணீர் நிறைந்த தொட்டியில் எடுத்த அளவும் ஒத்துப்போவதில்லை. எந்த உயரத்தில், எந்த ஆழத்தில், நீரிலா காற்றிலா என்று சொல்லாத எண்ணை எண்ணாகவே மதிக்க வேண்டியதில்லை.

அளக்கும் கருவியையும் விசாரிக்க வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து அபோஜி நிறுவனத்தின் எம்.க்யூ.-200 மீட்டர் ஆர்வலர்களிடையே வெகுகாலம் புழங்கியது. அதன் உணரி நீலத்தின் ஓரத்தைச் சற்றுக் குறைவாகவே எண்ணும் இயல்புடையது. பின்னால் வந்த எம்.க்யூ.-510 நிறமாலை முழுவதையும் ஏறக்குறையச் சமமாக எண்ணுவதோடு, நீருக்குள் உணரியின் கணிப்பு குறைந்துபோவதையும் தானே திருத்திக்கொள்கிறது. ஆகையால் ஒருவர் பழைய மீட்டரிலும் மற்றொருவர் புதிய மீட்டரிலும் எடுத்த எண்களை அருகருகே வைத்துச் சண்டையிடுவதில் பயனில்லை. நீர்மட்டத்தின் அலைகள் குவிவில்லைகளைப் போல ஒளியைக் கூட்டியும் கலைத்தும் எண்ணை ஆட்டிவைப்பதால், அளவெடுக்கும் நேரத்தில் பம்புகளை நிறுத்திவைப்பது நல்லது.

விளக்கு எந்த அமைப்பில் எரிந்தது என்பதும் முக்கியம். இக்கால விளக்குகளில் நீலம், ஊதா, வெள்ளை, சிவப்பு, பச்சை என்று தனித்தனி வரிசைகள் இருக்கின்றன. பெட்டியின் மேலுள்ள எண், அந்த வரிசைகள் அனைத்தும் முழு அளவில் எரியும்போது கிடைத்தது. வீட்டிலோ, பவளத்தின் ஒளிர்வண்ணம் தெரியவேண்டுமென்று வெள்ளையையும் சிவப்பையும் அநேகமாக அணைத்துவிட்டு நீலத்தை மட்டும் ஏற்றிவைக்கிறோம். நாம் உபயோகிக்கப்போகும் அந்த அமைப்பில் எவ்வளவு ஒளி வருகிறது என்பதல்லவா நமக்கு வேண்டியது?

இவ்வளவு சிரமப்பட்டு அதிக ஒளியுள்ள விளக்கைக் கண்டுபிடித்தபின், அதை முழு வேகத்தில் எரியவிடுவதுதான் பலரும் செய்யும் கொடுமை. ஒளி கூடக்கூடப் பாசியின் உற்பத்தி ஓர் எல்லை வரையில் உயர்ந்து, பிறகு நின்றுவிடுகிறது. பல பவளங்களில் அந்த எல்லை 200-க்கும் 400-க்கும் இடையிலேயே வந்துவிடுகிறது. அதற்கு மேல் வரும் ஒளி உணவாகாமல் பாரமாகி, அளவு மீறினால் பவளம் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரையிலும், யூஃபில்லியா போன்ற பெரிய பாலிப் பவளங்களுக்கு 75 முதல் 150 வரையிலும், அக்ரோபோரா முதலிய கிளைப்பவளங்களுக்கு 200 முதல் 350 வரையிலும் போதும் என்பது வளர்ப்பவர்களின் அனுபவத்தில் நிலைபெற்ற வழக்கு. லெப்டோஸெரிஸ் என்ற தட்டைப் பவளமோ ஹவாய்த் தீவுக் கடலில் 100 மீட்டருக்கும் கீழே அரையிருளிலேயே செழித்திருக்கிறது. நாள் முழுவதற்குமான தொகையும் கவனிக்கத்தக்கது: 200 மைக்ரோமோல் வீதம் 10 மணி நேரம் எரிந்தால் 7.2 மோல்; 300 வீதம் எட்டு மணி நேரத்துக்குள்ளேயே அந்தத் தொகையைத் தாண்டிவிடும்.

நமது நாட்டு வாசகர்கள் ஒரு விஷயத்தை மறக்கலாகாது. மன்னார் வளைகுடாவிலாயினும் வேறெங்காயினும், பாறை கட்டும் பவளங்களை இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. கடலிலிருந்து பெயர்த்தெடுப்பது குற்றம்.

பழைய விளக்கை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுகிறவர், முதலில் பழைய விளக்கின் கீழ் ஒவ்வொரு பவளமும் எவ்வளவு பெற்றுவந்தது என்பதை அளந்து குறித்துக்கொண்டு, புதியதை அந்த அளவிலோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாக உயர்த்த வேண்டும். மீட்டரின் விலை மிகுதியாதலால் நாலைந்து பேர் கூடி வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். விளக்கின் அடிப்பாகத்தில் தெறித்துக் காயும் உப்பு, மாதங்கள் செல்லச்செல்ல ஒளியை மறைத்துக்கொண்டே வரும். தண்ணீரில் மஞ்சள் சாயல் ஏறினால் அது நீலத்தைத்தான் முதலில் உறிஞ்சும். ஒருநாள் உற்சாகத்தோடு கண்ணாடியைத் துடைத்து, தொட்டி நீரைத் தெளிவிக்க ஆக்டிவேட்டட் கார்பனையும் புதிதாகப் போட்டால், விளக்கின் அமைப்பைத் தொடாமலே பவளத்தின் மேல் விழும் ஒளி திடீரென்று உயர்ந்துவிடும். ஆகவே துடைக்கும் அன்றைக்கே விளக்கின் அளவைச் சற்றுக் குறைத்துவைத்து, மீட்டரைத் தொட்டிக்குள் இறக்கிப் பார்த்துவிட்டு, பிறகு பழைய அளவுக்குக் கொண்டுவருவது உசிதம்.