சித்தியும் ஆன்ட்டியும்

1895 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய மிஷனரி ஏமி கார்மைக்கேல், நவம்பரில் இந்தியா வந்து இறங்கினார். அயர்லாந்தின் வடக்கே, கடலோரத்து மில்லைல் என்ற ஊரில் பிறந்தவர். அப்போது வயது 27. நெல்லைச் சீமையின் டோனாவூரில் 1951 ஜனவரியில் கண்மூடும் வரை, அந்த 55 ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் ஊர் திரும்பவில்லை. வீட்டிலிருந்து வரும் கடிதத்துக்கே வாரக்கணக்கில் காத்திருந்த காலம் அது.

இன்று வெளிநாட்டுச் சபையிலிருந்து கிளம்புகிற குழு மறுநாளே திருவனந்தபுரத்தில் இறங்கிவிடுகிறது. திரும்பிப் போகிற டிக்கெட்டும் கையிலேயே இருக்கும். பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம். வந்த அன்றே இங்குள்ள இல்லத்துக் குழந்தைகளோடு எடுத்த படம் வாட்ஸப்பில் ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

1901 மார்ச்சில் ஒரு காலை, பண்ணைவிளையில் ஏமியிடம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வந்து சேர்ந்தாள். தேவதாசியாகப் பொட்டுக்கட்டி விடுவதற்காகக் கோயில் வீட்டில் வைக்கப்பட்டிருந்தவள். முன்பு ஒருமுறை தப்பித் தாயிடம் ஓடியபோது தாயே திருப்பி அனுப்பிவிட்டாள்; தண்டனையாகக் கையில் சூடு போட்டார்கள். இரண்டாம் முறை தாயைத் தேடிப் போகவில்லை. பிரீனா என்று பின்னாளில் அறியப்பட்ட அவளிலிருந்துதான் டோனாவூர் இல்லத்தின் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். 1913இல் அங்கே இருந்த பெண் குழந்தைகள் 130 பேர். 1918 முதல் ஆண் குழந்தைகளும் வந்தார்கள்.

அந்தக் காலையில் யாரும் படிவம் நிரப்பவில்லை. குழந்தை வந்தது, வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இன்று அப்படி ஒரு சிறுமி எந்த இல்லத்தின் கதவைத் தட்டினாலும், 24 மணி நேரத்துக்குள் அவளை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தியாக வேண்டும். வீட்டாரை விசாரித்து, அவள் எங்கே இருப்பது என்பதைக் குழுதான் முடிவு செய்யும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு பெறாத இல்லம் குழந்தைகளை வைத்துக்கொள்ளவே கூடாது. நடைமுறை நீளமானதுதான், சமயத்தில் எரிச்சலூட்டுவதும்கூட. ஆனால் ஏமிமேல் குழந்தைக் கடத்தல் புகார்கள் வந்ததும், பெற்றோரும் உறவினரும் கோர்ட்டுப் படி ஏறியதும் இதே நெல்லைச் சீமையில்தான். காப்பாற்றப்பட்ட குழந்தை தன் பெயரையும் குலத்தையும் வீட்டு வாசலையும் சேர்த்தே விட்டு வந்தது. அதை அன்று யாரும் இழப்பென்று கணக்கில் எழுதவில்லை.

பொட்டுக்கட்டும் வழக்கை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடிய முத்துலட்சுமி ரெட்டி, 1930இல் சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். சட்டம் முழுமையாக வந்தது 1947இல். எந்தக் கொடுமைக்காக ஏமி இங்கே தங்கினாரோ, அதற்குச் சட்டத்தில் முடிவு வந்ததை அவர் படுக்கையில் இருந்தபடி அறிந்திருப்பார். 1931இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு அறையை விட்டு அதிகம் வெளியே வராதவர் அவர்.

டோனாவூரில் எனக்குப் பிடித்த விஷயம் முறைப்பெயர்கள். வெளிநாட்டிலிருந்து வந்து தங்கிய பெண்களைக் குழந்தைகள் ‘சித்தி’ என்றார்கள். ஆண்களை ‘அண்ணாச்சி’ என்றார்கள். வெள்ளைக்காரரை அண்ணாச்சி என்று கூப்பிட்ட ஊர் வேறு இருக்குமா, தெரியவில்லை. சித்தி என்றால் பொங்கலுக்கும் இருப்பாள், காய்ச்சலுக்கும் இருப்பாள். சேலை கட்டி, தமிழ் படித்து, பலர் அந்த மண்ணிலேயே அடக்கமானார்கள். ஏமியின் கல்லறையில் பெயர் பொறித்த கல் கிடையாது; பறவைகள் நீர் குடிக்கும் ஒரு தொட்டி, அதில் தாயைக் குறிக்கும் ஒற்றைச் சொல். இன்று அந்த இல்லத்தை நடத்துகிறவர்கள் நம்மவர்கள்.

‘அநாதை’ என்ற சொல்லும் மாறிவிட்டது. போர்டுகளில் ‘குழந்தைகள் இல்லம்’ என்று எழுதுகிறார்கள். சட்டமோ ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்கிறது. மாற்றத்துக்குக் காரணம் நாகரிகம் மட்டுமல்ல. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் அநாதை இல்லங்கள் 75 விழுக்காடு பெருகின. அங்கிருந்த குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பது தெரியவந்தது. பார்க்க வருகிறவர்களும் அவர்கள் தருகிற பணமும் கூடக்கூட, இல்லங்களை நிரப்பக் குழந்தைகளும் தேவைப்பட்டார்கள். 2010 ஜனவரியில், பூகம்பம் நடந்த சில வாரங்களுக்குள், ஹெய்ட்டியிலிருந்து 33 குழந்தைகளை எல்லை தாண்டி அழைத்துப்போக முயன்ற பத்து அமெரிக்கர்கள் கைதானார்கள். ஊழியம் செய்ய வந்தவர்கள், மனதில் கள்ளமில்லை என்றே சொன்னார்கள். குழந்தைகளில் பலருக்குப் பெற்றோர் இருந்தார்கள்.

காசு விஷயமும் அப்படித்தான். எவரிடமும் பணம் கேட்பதில்லை என்பது ஏமியின் விதி. ஜெபித்தார், தபாலில் வந்தது. இன்று வெளிநாட்டுக் காணிக்கை எதுவானாலும், 2020 திருத்தத்தின்படி, புதுடெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்கின் ஒரே கிளை வழியாகத்தான் நாட்டுக்குள் வர முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் தென்மாவட்டத்தில் ஓர் இல்லத்துக்குப் போயிருந்தேன். வெளிநாட்டுக் குழு ஒன்று வந்து நான்கைந்து நாளாகியிருந்தது. வரிசையில் நின்று வரவேற்புப் பாட்டுப் பாடிய குழந்தைகள் இப்போது வந்தவர்களின் மடியில் இருந்தார்கள். எல்லாருமே அவர்களுக்கு ‘ஆன்ட்டி’தான். வந்தவர்களின் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு பெண் சுடுமணலில் செருப்பில்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்தேன்.

எட்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி என்னையும் அந்தக் குழுவோடு சேர்த்துவிட்டாள் போலும். அருகில் வந்து, “நீங்க என்னைக்குப் போறீங்க?” என்றாள். இன்னும் பெயர்கூடக் கேட்கவில்லை. சாயங்காலம் கிளம்புவதாகச் சொன்னேன். “அவங்க வெள்ளிக்கிழமை” என்று ஆன்ட்டிகள் பக்கம் கை காட்டினாள். பிறகு திண்ணையில் உட்கார்ந்து, பாதி முடித்திருந்த ‘நன்றி’ அட்டைக்கு வண்ணம் தீட்டத் தொடங்கினாள். யாருக்கு என்று கேட்டேன். இன்னும் பெயர் எழுதவில்லை என்றாள். பக்கத்தில் திறந்து கிடந்த தகரப் பெட்டியில் அதே மாதிரி அட்டைகள் இன்னும் நாலைந்து இருந்தன.