கைப்பேசியின் உட்கருவில் ஒரு விரிசல்

வங்கிச் செயலியைக் கடவுச்சொல்லாலும் விரல்ரேகையாலும் பூட்டி வைக்கிறோம். ஆனால் அந்தப் பூட்டுகளுக்கெல்லாம் அடிப்படையாக இருப்பது இயங்குதளத்தின் உட்கருவான ‘கெர்னல்’. எந்தச் செயலி எந்தக் கோப்பைப் படிக்கலாம், எதில் எழுதலாம் என்று தீர்மானிப்பது அதுவே. ஒரு செயலியின் தகவலை மற்றொன்று காணாதவாறு காப்பதும் அதுவே. அதில் பிழை இருந்தால் மேலுள்ள பூட்டுகள் பயன்தரா.

இதற்குச் சான்று ‘டர்ட்டி கவ்’ என்னும் பிழை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு அடித்தளமான லினக்ஸ் கெர்னலில் 2007ஆம் ஆண்டு முதல் இருந்த இப்பிழை, 2016 அக்டோபரில்தான் வெளிப்பட்டுத் திருத்தப்பட்டது.

பிழையின் தன்மை

ஒரு பேரேட்டை எவரும் பார்க்கலாம். எழுத விரும்புவோருக்கு மட்டும் அதன் நகல் தரப்படும் என்று கொள்வோம். எழுத்தர் நகலை எடுத்து வைத்து எழுதத் தொடங்கும் கணத்தில், வேறொருவர் அந்நகலை அகற்றிவிடுகிறார். அனுமதியைச் சரிபார்த்தாயிற்று என்ற எண்ணத்தில் எழுத்தர் மூலப் பேரேட்டிலேயே எழுதிவிடுகிறார். கெர்னலில் நிகழ்ந்ததும் இதுவே. ஒரு தீய நிரல் இம்முயற்சியை விரைவாகத் திரும்பத் திரும்பச் செய்து, மாற்றக்கூடாத கோப்பை மாற்றி, கருவி முழுவதையும் ஆளும் உரிமையைப் பெற இயன்றது.

திருத்தத்திற்குப் பின்னும் தீங்கு

ஆண்ட்ராய்டுக்கான திருத்தம் 2016 டிசம்பரில் வெளியானது. ஆயினும் 2017 செப்டம்பரில், இதே பிழையைப் பயன்படுத்தும் ‘இசட்நியூ’ என்ற தீநிரல் கண்டறியப்பட்டது. விளையாட்டு போன்ற செயலிகளின் வேடத்தில் வந்த அதனால் பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தனர். திருத்தம் வெளிவந்தும் பல கைப்பேசிகளை அது சென்றடையாததே தீநிரலுக்கு வாய்ப்பளித்தது. பிழை வெளியானதும் அதனை மோசடியாளர்களும் அறிந்துகொள்கின்றனர். புதுப்பிப்பைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கே ஆதாயம்.

வாடிக்கையாளர்கள் கவனத்திற்கு

• புதுப்பிப்பு அறிவிப்பு வந்ததும், தாமதமின்றி நிறுவுங்கள்.
• கைப்பேசியின் ‘அமைப்புகள்’ பகுதியில் கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியைப் பாருங்கள். தயாரிப்பாளர் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட கைப்பேசியில் வங்கிப் பரிவர்த்தனையைத் தவிர்ப்பது நலம்.
• குறுஞ்செய்தி இணைப்புகள் வழியே செயலிகளை நிறுவாதீர்கள்.
• பணம் பறிபோனால் உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள்.