உடைந்தாலும் மதிப்புக் குறையாத பச்சை

செராஸ் வட்டாரத்துச் சீனப் பாத்திரக் கடைகளில் வெளிர்பச்சை மங்குகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். இன்று அவை ஆலையில் செய்த சாதாரணச் சரக்கு. ஆனால் அந்த நிறத்தின் மூலம் ஒரு காலத்தில் பிரபுக்களின் பொக்கிஷமாக இருந்தது. ஜப்பானியர் அதைச் 'செய்ஜி' என்பர். மேலைநாட்டார் 'செலடான்' என்பர்.

பச்சைச் சாயம் எதுவும் அதில் கிடையாது. பீங்கான் மீது பூசும் குழம்பில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இரும்பு இருக்கும். சூளையின் வெப்பம் 1,200 பாகை செல்சியசைத் தாண்டும்போது, உள்ளே செல்லும் காற்றைக் குறைத்துவிட வேண்டும். பிராணவாயு போதாத நெருப்பு, பூச்சிலுள்ள இரும்பிடமிருந்தே அதைப் பிடுங்கிக்கொள்கிறது. இரும்பு பச்சையாகிறது. காற்று சற்றே கூடிவிட்டால் மஞ்சளோ பழுப்போதான் கிடைக்கும். பல நாள் உழைப்பு வீண்.

இதில் கைதேர்ந்தவர்கள் சீனாவின் செஜியாங் மாநிலத்து லோங்சுவான் குயவர்கள். அவர்களிடமிருந்து கப்பலில் வந்ததையே ஜப்பானியர் பல நூற்றாண்டுகள் போற்றினர். தாங்களே செய்யத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில், அரிதா சூளைகளில்.

தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் 13ஆம் நூற்றாண்டுச் செய்ஜி கிண்ணம் ஒன்று இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அது அஷிகாகா யோஷிமசா என்ற ஷோகுனிடம் இருந்ததாம். விரிசல் கண்டதும், இதைப் போல வேறொன்று வேண்டும் என்று சீனாவுக்கு அனுப்பினார். இத்தகைய வேலை இப்போது இயலாது என்று பதில் வந்தது. விரிசலில் இரும்புக் கவ்விகளை அடித்துத் திருப்பி அனுப்பினர். ஜப்பானியர் முகம் சுளிக்கவில்லை. கவ்விகள் வெட்டுக்கிளி உட்கார்ந்திருப்பதைப் போலத் தெரிந்ததால், 'பக்கோஹான்' என்று வெட்டுக்கிளியின் பெயரையே கிண்ணத்துக்குச் சூட்டிவிட்டனர்!

அதே பச்சைப் பீங்கான் நம் கடல் வழியாகத் தமிழகத்துக்கும் போனது. இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1987இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு நடத்தியபோது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனச் சில்லுகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஒரு ஜப்பானியர்: தமிழ்க் கல்வெட்டுகளில் தோய்ந்த நொபொரு கராஷிமா. 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டைக் கூட்டிய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்துக்குப் பின்னாளில் தலைவராக இருந்தவரும் அவரே. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் திரட்டிய சில்லுகள் பற்றி அவர் பதிப்பித்த நூல் 2004இல் வந்தது. சில்லின் பூச்சையும் மண்ணையும் பார்த்தே எந்தச் சூளை, ஏறத்தாழ எந்தக் காலம் என்று வல்லுநர்கள் சொல்லிவிடுவார்கள். எழுத்துச் சான்று இல்லாத துறைமுகத்துக்கு அந்தச் சில்லே சாட்சி.

கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கிலும் இத்தகைய சில்லுகள் ஏராளம். பெங்காலான் பூஜாங்கில் தமிழ்நாட்டு வணிகரும் சீனச் சரக்கும் சந்தித்துக்கொண்டதற்கு அவையே ஆதாரம். ஆனால் அதே பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி என்னும் பழங்கோயிலின் எச்சம், வீடமைப்பு நிலத்துக்குள் அகப்பட்டு 2013இல் இடிக்கப்பட்டது. தனியார் நிலம் என்று காரணம் சொல்லப்பட்டது. கோயில் அடித்தளத்துக்கே அந்தக் கதி என்றால், மண்வாரி இயந்திரம் அள்ளிப்போகும் சில்லுகளை யார் கணக்கெடுப்பது?

தப்பியவற்றில் சில மெர்போக்கிலுள்ள லெம்பா பூஜாங் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பள்ளி விடுமுறையில் பினாங்கு வரை போகிறவர்கள் இன்னும் சற்று வடக்கே போனால், பிள்ளைகளுக்கு அந்தப் பச்சையைக் காட்டலாம்.