பத்துத் தட்டில் ஐந்நூறு பள்ளிகள்

மாணவர்களே, நாட்டிலுள்ள தமிழ்ப்பள்ளிகளைப் பட்டியலிடும் செயலி ஒன்றை நீங்கள் உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். பள்ளிகள் 500க்கும் மேல். பாலிங் வட்டாரப் பள்ளிகளைத் தேடி விரலால் தள்ளுகிறீர்கள். பட்டியல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஆனால் 500 வரிசைகளும் அங்கே இல்லை. திரையில் தெரியும் பத்து, கைவசம் இன்னும் ஓரிரண்டு, அவ்வளவுதான்.

உங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை நினைத்துப் பாருங்கள். மாணவருக்கு ஒன்று என்று தட்டு வாங்கி அடுக்குவதில்லை. ஒருவர் சாப்பிட்ட தட்டைக் கழுவி அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள். பட்டியலும் அப்படித்தான். மேலே போய் மறைந்த வரிசையே கீழே புதிதாக வரும் பள்ளிக்குக் கிடைக்கிறது. நினைவகம் குறைந்த மலிவான கைப்பேசியும் திணறாமல் இருப்பது இதனால்தான்.

இதற்கான நிரலை நீங்கள் எழுத வேண்டியதில்லை. பிறர் எழுதிச் சோதித்துத் தொகுத்து வைத்த நிரல்களே நிரல் நூலகம். ஐபோனுக்கு 2008 முதலே ‘யூஐடேபிள்வியூ’ உண்டு. ஆண்ட்ராய்டுக்கு 2014இல் ‘ரிசைக்கிளர்வியூ’ வந்தது. நூலகம் உங்களிடம் கேட்கும்: மொத்தம் எத்தனை வரிசை? இந்த வரிசையில் என்ன காட்ட வேண்டும்? பதில் மட்டும் சொன்னால் போதும்.

தட்டைக் கழுவுவது மட்டும் உங்கள் பொறுப்பு! மாணவர் குறைந்த பள்ளிகளைச் சிவப்பு நிறத்தில் காட்டுகிறீர்கள் என்போம். தோட்டப்புறப் பள்ளிகள் பலவும் அந்த வகைதான். மற்றப் பள்ளிகளுக்கு “நிறத்தைக் கறுப்பாக்கு” என்று எழுத மறந்தால், பழைய சிவப்பு அப்படியே ஒட்டிக்கொள்ளும். 800 பேர் படிக்கும் பட்டணத்துப் பள்ளியும் சிவப்பாகத் தெரியும். பிள்ளையைச் சேர்க்கப் பள்ளி தேடும் பெற்றோர் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? இது சின்னப் பிழையில்லை.

தமிழுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. வரிசையின் உயரத்தை ஒரே அளவாக நிறுத்திவிட்டால் நீளமான பெயர்கள் பாதியில் வெட்டுப்படும். “தேசிய வகை” என்று தொடங்கும் பெயர்கள் எல்லாம் “தேசிய வகை…” என்றே நின்றால் எது எந்தப் பள்ளி? எழுத்துக்கேற்ப உயரத்தைக் கணக்கிடும் வசதி ஐபோனில் 2014 முதல் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். (ஐபோனில் உள்ள ‘தமிழ் சங்கம் எம்என்’ எழுத்துருவின் எம்என், நம் மலேசியரான முத்து நெடுமாறனின் பெயர் எழுத்துகள்!)

செயலியைத் திறந்ததும் எல்லாம் சரியாகவே தெரியும். பட்டியலின் கடைசிவரை வேகமாகத் தள்ளி, மறுபடியும் மேலே வந்து பாருங்கள். கழுவாத தட்டு அப்போதுதான் அகப்படும்.