நூல் நிலையங்களும் இரவல் உறவும்

நூல் நிலையம் எத்துணைப் பெரிதாயினும், உலகில் வெளிவந்த நூல்கள் யாவற்றையும் தன்னகத்தே கொள்ளுதல் இயலாது. இக்குறையை நிறைக்க எழுந்ததே நூல் நிலையங்கள் தமக்குள் நூல்களை இரவல் வழங்கும் முறையாகும். அமெரிக்க நூலகரான சாமுவேல் கிறீன் 1876ஆம் ஆண்டில் இதனை வலியுறுத்தி எழுதினார். 1917இல் அந்நாட்டு நூலகச் சங்கம் இதற்கென விதிகளை வகுத்தது. இங்கிலாந்தில் 1916இல் தோன்றிய மாணவர் மத்திய நூல் நிலையம் இப்பணியின் நடுவிடமாக வளர்ந்தது.

இம்முறையில் நூலை இரவல் பெறுவது வாசகன் அன்று. அவன் சார்ந்த நூல் நிலையமே ஆகும். நூல் பழுதுறினும் தொலையினும் அதுவே பொறுப்பேற்கும். எந்நூல் எங்குளது என உணர்த்தும் கூட்டு நூற்பட்டியல் இதற்கு அடிப்படை. அஃதின்றேல், அமிர்தகழி மாமாங்கேசுவரர் கோயிற் சூழலிற் பயிலும் மாணவன், தான் வேண்டும் நூல் வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இருப்பினும் அதனை அறியான். அண்மையில் உள்ளதும் அவனுக்குச் சேய்மையதே.

இரவல் உறவு தமிழர்க்குப் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1887இற் சீவக சிந்தாமணியை வெளியிட்டது, பல இடங்களிலிருந்து பெற்ற ஏடுகளை ஒப்புநோக்கியே. ஏடுடையோர் கொடுக்க இசையாதிருப்பின் அப்பதிப்பு உருவாகியிராது. எவ். எக்ஸ். சி. நடராசா 1962இற் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும் ஏடுகளினின்றே அச்சேறியது. ஏட்டினைப் பூட்டிக் காத்தவரினும் படியெடுக்கக் கொடுத்தவரே அதனை நெடிது வாழச் செய்தனர்.

இவ்வுண்மையை 1981ஆம் ஆண்டு கொடிதாக உணர்த்திற்று. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்துப் படியுள்ள நூலை மீண்டும் பெறலாம். ஒற்றைப் படியாய் இருந்த சுவடியோ என்றென்றைக்கும் மறைந்தது. ஆகவே இரவலும் படியெடுத்தலும் வாசகர்க்கு வசதி மட்டுமல்ல, நூலுக்குக் காப்புமாகும். 2005இல் தொடங்கிய நூலகம் எனும் எண்ணிம நூல் நிலையம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி எவ்விடத்தார்க்கும் எட்டச் செய்கின்றது.

ஆயினும், பதிப்புரிமை நிலவும் நூல்கள் யாவும் அவ்வாறு கிடைப்பனவல்ல. அவற்றுக்கு இரவலே வழி. சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகள், ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூலும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரும் கிட்டவேண்டும் எனக் கூறுகின்றன. மட்டக்களப்பிற் பாடசாலை, பொது, பல்கலைக்கழக நூல் நிலையங்கள் யாவும் ஒரு பட்டியலிற் சேருமாயின் அவ்விதிகள் இங்கு நடைமுறையாகும். அதற்குப் பெரும்பொருள் முதற்றேவையன்று. தம்மிடம் உள்ளதைப் பிறர்க்கு அறிவிக்கும் மனமே முதற்றேவை.